விளிம்பில் வெட்டிய பெயர்

முதலாவது அநியாயம், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு. எழுதுங்கள் தம்பி. தாளின் மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு எழுதுங்கள். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். அந்த வருடம் ராணிக்கு விழா எடுத்தார்கள். பர்மா சண்டைக்குப் போய்வந்த பட்டாளத்தாருக்கெல்லாம் முகாமில் விருந்து. என் பாட்டனாருடைய அப்பா எட்டியப்பன், நெஞ்சில் வெள்ளி மெடலைக் குத்திக்கொண்டு பதினெட்டு மைல் நடந்து போனார். வாசலில் பட்டியலைப் புரட்டிப் பார்த்தவன், ‘உன் பெயர் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

இரண்டாவது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து. சண்டைக்குப் போனவர்களுக்குப் புறம்போக்கில் நிலம் கொடுத்தார்கள். விண்ணப்பம் போட்டார். பட்டியலில் பெயர் இல்லை. அதே பதில். எட்டு வருடத்தில் ஒரு புதுப் பொய்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது, இருபத்தேழு. ஜமாபந்திக்குக் கலெக்டர் வருகிறார். எட்டியப்பனுக்கு அப்போது அறுபத்தைந்துக்கு மேல். மெடலைக் குத்திக்கொண்டு மனு கொடுக்கக் கிளம்பினார். ஊர் மணியக்காரர் வழியில் நிறுத்தினார். ‘இதெல்லாம் மாட்டிக்கினு கலெக்டர் எதிர்ல நிக்காத எட்டி. கொடு, பத்திரமா இருக்கட்டும்’ என்று கையை நீட்டினார். அவ்வளவுதான். மெடல் மணியக்காரர் வீட்டுக்குள் போனது. நான்கு வருடம் கழித்து, இதோ இந்த அறையில், இந்த மூலையில், கட்டிலில் கிடந்து மெடல் மெடல் என்றே எட்டியப்பன் செத்தார். ‘பத்திரமா இருக்கட்டும்.’ அந்த வார்த்தையை அடிக்கோடிடுங்கள் தம்பி. எவனும் திருடப்போகிறேன் என்று சொல்லித் திருடுவதில்லை.

நான்காவது, ஐம்பத்தெட்டு. என் அப்பா மெடலைத் திருப்பிக் கேட்கப் போனார். மாட்டுக் கொட்டகை ஓரமாகக் காலையிலிருந்து நிற்க வைத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் ‘நாளைக்கு வா’ என்றார்கள். பதினாறு நாள் போனார். பதினேழாம் நாள் காய்ச்சலில் விழுந்துவிட்டார்.

ஐந்தாவது, எழுபத்து நான்கு. அது நான். ‘எங்கள் மெடலை எடுத்தவன் எவன்?’ என்று துண்டறிக்கை போட்டேன். ஆயிரம் பிரதி. பதினொரு நாள் உள்ளே வைத்தார்கள். மிச்சமிருந்த பிரதிகளை என் கண் முன்னாலேயே கொளுத்தினார்கள்.

ஆறாவதும் அதே எழுபத்து நான்கு. முதல் ஐந்தும் வெளியார் செய்தவை. ஆறாவது எங்கள் தெருக்காரி செய்தது. பூபதியம்மாள் என்று எழுதுங்கள். பட்டாளத்து பூட்ஸ் இரண்டும் அவள் வீட்டில் இருந்தன. இயக்கத்துக்காகக் கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்றாள்.

எழுதிவிட்டீர்களா? நல்ல கையெழுத்து. அருங்காட்சியகத்தில் இப்படி ஒருவர் இருப்பார் என்று நினைக்கவில்லை.

அதைத் தொடாதீர்கள்!

மன்னித்துக்கொள்ளுங்கள். கத்தியிருக்கக் கூடாது. மெடல் அந்தப் பற்பொடி டப்பாவில்தான் இருக்கிறது. அதைத் திறப்பதற்கு நேரம் இருக்கிறது. சாட்சிகள் நான்கு மணிக்கு வருவார்கள். இப்போது மூன்றரைகூட ஆகவில்லை. பக்கத்தில் இருப்பது அரம், ஆமாம், கொடுவாள் தீட்டுகிற அரம். அது ஏன் மேசை மேல் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

என் பெயர் உங்கள் தாளில் ‘கு. பகலவன், சமூகத் தொண்டர்’ என்று இருக்கும். அப்பா வைத்த பெயர் சின்னப்பையன். இருபத்திரண்டு வயதில் நானே மாற்றிக்கொண்டேன். மூன்றாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. கூட்டத்துக்குப் போனால் அறிக்கை கொடுப்பார்கள். அதை வாங்கி வந்து எழுத்துக்கூட்டிப் படிப்பேன். தமிழ் அப்படி வந்தது. ஆங்கிலம் எனக்கு வந்த சம்மன்களில் வந்தது. சிரிக்கலாம், நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வதுதான்.

சாமான்களைச் சேர்த்த கதைக்கு வருகிறேன். போன தை மாதம் உங்கள் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. பழைய பட்டாளத்துக்காரர்களின் உடைமைகளை வாங்கிக் காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம். பொருளின் கீழே உடையவரின் பெயர் எழுதிய சீட்டு இருக்குமாம். நான் அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லை என்று இரண்டு தடவை விரட்டினார்களே, அவர் பெயர் அரசாங்கக் கண்ணாடிக்குப் பின்னால் அரசாங்கத் தாளில் இருக்கப்போகிறது. ‘சிப்பாய் எட்டியப்பன்.’ எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. இதைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தேன்.

ஒவ்வொரு வீடாகப் போனேன். கம்பளி என் வீட்டில் இருந்தது. மரப்பெட்டியும் இங்கேதான். பித்தளைப் பொத்தான்கள் ஏகாம்பரம் வீட்டில். அவர்கள் வீட்டில் பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் அரைஞாணில் அந்தப் பொத்தானைக் கோத்துக் கட்டுவார்கள். நான் போனபோது பேத்தியின் இடுப்பில் ஒன்று இருந்தது. அவிழ்த்தார்கள். குழந்தை அழுதது. தகரத் தட்டு ரேஷன் கடை சுகுணா வீட்டில், அரிசி அள்ள வைத்திருந்தாள். இடுப்பு வார் தபால்காரர் லூர்துசாமி வீட்டில், அவர் அப்பா சவரக்கத்தி தீட்டித் தீட்டி பாதி தேய்ந்திருந்தது. ஏன் இப்படித் தெரு முழுக்கச் சிதறியிருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. எங்க பாட்டன் காலத்துலருந்து கீது என்றார்கள். ‘கொடுங்க, பத்திரமா இருக்கட்டும்’ என்றேன். கொடுத்தார்கள். என் பேச்சுக்கு இந்தத் தெருவில் இன்னும் அந்த மரியாதை இருக்கிறது.

பூபதி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. முப்பத்தெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தக் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எழுபத்து நான்கில் கூட்டம் போட்டேன் அல்லவா, முந்நூறு பேர். நான் மேடையில். சிப்பாய் எட்டியப்பன் பர்மா காட்டில் துப்பாக்கி ஏந்திய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தின் நடுவில் இருந்து இவள் எழுந்தாள். முறைக்கு எனக்கு அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள்.

‘டேய் சின்னப்பையா, துப்பாக்கி புடிச்சது எங்க இருசன்டா. உங்க எட்டியப்பன் டோலி தூக்குனவரு’ என்றாள்.

மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அப்படி ஒரு தொண்டை.

அவள் சொன்ன கதை இதுதான். அவள் வீட்டு முன்னோர் இருசனும் எட்டியப்பனும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேரப் போனார்களாம். இருசனைச் சிப்பாயாக எடுத்தார்கள். எட்டியப்பனுக்கு மார்பளவு போதாமல், காயம்பட்டவர்களைச் சுமக்கிற டோலிக்காரராக எடுத்தார்கள். பர்மாவில் இருசன் காய்ச்சலில் விழுந்தார். எட்டியப்பன் மூன்று நாள் அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான்காம் நாள் அங்கேயே புதைத்துவிட்டு, சாமான்களைப் பெட்டியோடு கொண்டுவந்து இருசனின் மனைவி கன்னியம்மாளிடம் கொடுத்தார். அவள் பூட்ஸை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தெருவில் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டாள். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டில் இருசனுக்கான மெடல் வந்தது. புருஷனை எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரியின் தலையை வெள்ளியில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள், இது என் கண்ணில் படக் கூடாது என்று அழுதாளாம். எட்டியப்பன் வாங்கி வைத்துக்கொண்டாராம்.

முந்நூறு பேர் என்னைப் பார்க்கிறார்கள் தம்பி. முன் வரிசையில் இரண்டு போலீஸ். மணியக்காரர் வீட்டு ஆள் ஒருவன் மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த நேரத்தில் நான் என்ன செய்ய முடியும்? ‘பூட்ஸ் வைத்திருப்பவர்களெல்லாம் பட்டாளத்து வம்சம் என்றால், செருப்புக் கடைக்காரர்தான் தளபதி!’ என்றேன். கூட்டம் அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். அவள் உட்காரவில்லை. அப்படியே திரும்பி நடந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை.

அடுத்த அறிக்கையில் அவளைப் பற்றி நான்கு வரி எழுதினேன். மணியக்காரர் வீசியதைக் கவ்விக்கொண்டு வந்து குரைத்தவள் என்று. பெயர் போடவில்லை. பெயர் போடாமல் எழுதுவதுதான் நாகரிகம். இரண்டு வருடம் அவள் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகக் கூடாது என்று தெருவில் முடிவெடுத்தோம். அது வேறு, ஒரு காலத்தில் மணியக்காரர் எங்கள் தெருவையே தள்ளி வைத்தது வேறு. இது கட்டுப்பாடு. இயக்கம் என்றால் கட்டுப்பாடு வேண்டும்.

தண்ணீர் குடியுங்கள். நானும் கொஞ்சம் குடித்துக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் தெரு வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முந்தின நாள் செத்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். அவர்கள் புழங்கிய பொருள் ஒன்றை எடுத்து வைத்து, அதன் முன்னால் இலை போடுவார்கள். என் மனைவி இருந்தவரைக்கும் எட்டியப்பனின் கம்பளியை நடுவீட்டில் மடித்து வைத்துப் படைத்தாள். நான் அந்த நேரத்தில் வெளியே போய்விடுவேன். போகிற வழியில்தான் பூபதி வீடு. அவள் பூட்ஸை வாசற்படிக்கு வெளியே வைத்து, வெளியிலேயே இலை போட்டிருப்பாள். எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்! ‘திருட்டுச் சொத்து, வீட்டுக்குள் வைக்கப் பயம்’ என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அறிக்கையிலும் அந்த வரி வந்தது.

சரி, மெடல். மணியக்காரரின் பேரன் பத்மநாபன் சென்னையில் வங்கியில் இருக்கிறான். பழைய வீட்டை இடிக்கப் போன வாரம் வந்தான். நான் பதினான்கு பாயிண்ட் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முதலாவது பாயிண்டுக்கே விடவில்லை. ‘அந்த வெள்ளி வில்லைதானே சார்? தேடிப் பாக்குறேன்’ என்றான். நேற்று சாயங்காலம் அவனே கொண்டுவந்து கொடுத்தான். ‘பாட்டி இத சாமி ரூம்ல வெச்சுக் குங்குமம் வெச்சாங்க சார். ஏதோ அம்மன்னு நெனச்சோம்’ என்றான். விக்டோரியா ராணிக்கு எண்பது வருடக் குங்குமம்! ‘தாத்தா செஞ்சது தப்புதான் சார்’ என்று வேறு சொல்லிவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. எண்பத்தைந்து வருடச் சண்டையை இப்படியா முடிப்பார்கள்? நின்று சண்டை போட வேண்டாமா?

அவனையும் சாட்சியாக வரச் சொல்லியிருக்கிறேன். சாட்சிகள் ஐந்து பேர். ஏகாம்பரம், சுகுணா, லூர்துசாமி, பத்மநாபன். ஐந்தாவதாகப் பூபதியின் பெயரை நானே எழுதினேன், நேற்று ராத்திரி. வரட்டும், காதால் கேட்கட்டும், கேட்டுவிட்டு வாயை மூடட்டும் என்று எழுதினேன். விதியும் நான் எழுதியதுதான். மெடலின் விளிம்பில் ஆங்கிலத்தில் நம்பரும் பதவியும் பெயரும் வெட்டியிருப்பார்கள் என்று உங்கள் கடிதத்தில் இருந்தது. அதைச் சாட்சிகள் முன்னால் சத்தமாகப் படிக்க வேண்டும். அதற்கு முன்னால் யாரிடமும் சொல்லக் கூடாது. அதனால்தான் உங்களிடமும் இன்னும் சொல்லவில்லை.

இன்று காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். விளிம்பு முழுக்கக் குங்குமம் அப்பி இறுகியிருந்தது. வெள்ளிக்கு விபூதி போட்டுத் தேய்ப்பார்கள், என் வீட்டில் விபூதி ஏது? பற்பொடி போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். எழுத்து வந்தது. சாய்வெழுத்து, மெல்லிசு. லென்ஸை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். நம்பர். பிறகு சிப்பாய். பிறகு பெயர்.

திரும்பவும் படித்தேன்.

எழுந்து போய் அரத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. நாற்பது வருட வேலை. பதினெட்டு அறிக்கை. பதினொரு நாள் ஜெயில். என் அப்பா பதினாறு நாள் மாட்டுக் கொட்டகையில் நின்றாரே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? வெள்ளி ரொம்ப மிருது. நான்கு இழுப்புப் போதும். தேய்ந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு இழுப்பு இழுத்தேன். நம்பரின் ஓரத்தில்.

அப்போது வாசலில் சத்தம். ‘டேய் சின்னப்பையா, கீறியாடா உள்ள?’

இந்தத் தெருவில் என்னை அந்தப் பெயரால் கூப்பிடுகிற ஒரே ஆள். டப்பாவை மூடிவிட்டுக் கதவைத் திறந்தேன். கையில் அரம். அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பூபதி நிற்கிறாள். எழுபத்தாறு வயது, முதுகு வளைந்துவிட்டது. முந்தானையில் சுற்றி பூட்ஸ் இரண்டையும் கொண்டுவந்திருக்கிறாள்.

‘இந்தா, எடுத்துக்க’ என்று படிக்கு வெளியே வைத்தாள்.

‘இப்ப எதுக்கு?’ என்றேன். முப்பத்தெட்டு வருடம் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

‘எனக்கப்பறம் படைக்க ஆளில்லடா. மருமவ வேதத்துல சேந்து மாதா கோயிலுக்குப் போறா. அவளக் கொற சொல்ல முடியாது. எல்லா சாமானும் ஒண்ணா சேருதாமே, இது மட்டும் எதுக்குத் தனியா நிக்கணும்? பேரு உங்க ஆளு பேராவே இருந்துட்டுப் போவட்டும். கத்திக் கத்தி எனக்கு அலுத்துப்போச்சு. கண்ணாடிக்குள்ள வெப்பாங்களாமே, மழ படாதுல்ல?’

‘படாது’ என்றேன். ‘உள்ளே கொண்டுவந்து வை.’

என்னைப் பார்த்தாள் தம்பி. கேலியாகப் பார்க்கவில்லை. ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

‘வூட்டுக்குள்ள வராதுடா அது. வெளிதேசத்துல செத்த காலு. அப்படிச் செத்தவங்களுக்குப் படிக்கு வெளியதான எல எல்லாம்? உனுக்கு எங்க தெரியும், நீதான் படையலுன்னா எழுந்து ஓடுற ஆளாச்சே. அந்தக் கண்ணாடி வூடு யாரு வூடும் இல்லியே, அதுக்குள்ள போவட்டும். போவலாம்.’

எட்டியப்பன் இந்த அறையில், இந்த மூலையில் செத்தவர். அவர் கம்பளி நடுவீட்டில். அந்த பூட்ஸ் எட்டியப்பனுடையதாக இருந்தால், எந்த வீட்டில் இருந்தாலும் உள்ளேதான் படைத்திருப்பார்கள். தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. வருடா வருடம் அந்த வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், பகுத்தறிவோடு.

அவள் என் கையைப் பார்த்தாள். ‘என்னடா, அரத்த வெச்சிக்கினு?’

‘கொடுவாள் தீட்ட’ என்றேன்.

‘உன் வூட்டுல ஏதுடா கொடுவா’ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேறொன்றும் நடக்கவில்லை. நான் அழவில்லை, அப்படியெல்லாம் எழுதிவிடாதீர்கள். அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. பழக்கமில்லாத வேலை. எனக்கு வரிசை தெரியும், எண் போடத் தெரியும். வரிசை தப்பாக இருந்தால் திருத்தத் தெரியும். எட்டியப்பன் திருடரல்ல என்பதையும் நான் சொல்லாமல் விட மாட்டேன். செத்துக்கொண்டிருந்தவனை மூன்று நாள் காட்டில் தூக்கி நடந்தவர் திருடராக இருக்க முடியாது. ஒரு நாள் குத்திப் பார்த்திருப்பார். இறக்கி வைக்க மனசு வந்திருக்காது. பட்டியலில் பெயர் இல்லை என்று சொன்ன அந்த இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

நாலாகிவிட்டது. தெருவில் செருப்புச் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார்கள். சீக்கிரம் எழுதுங்கள். மேலே விட்ட அந்த இரண்டு விரற்கடை இடத்தில். முதலாவது அநியாயம், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு. கன்னியம்மாளிடமிருந்து மெடலை எட்டியப்பன், பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். முதலாவதை இரண்டாவது ஆக்குங்கள். அப்படியே கீழே வரைக்கும் மாற்றிக்கொண்டு வாருங்கள். ஆறாவது ஏழாவது ஆகிறதா? அதை அடிக்க வேண்டாம், இருக்கட்டும். செய்தவர் பெயரை மட்டும் மாற்றுங்கள். பூபதியம்மாள் என்பதை எடுத்துவிட்டுச் சின்னப்பையன் என்று போடுங்கள். இல்லை. பகலவன் என்றே போடுங்கள். அறிக்கை எழுதியது அவன்தான்.

வாங்க ஏகாம்பரம். சுகுணா, அந்தப் பெஞ்சில் உட்காரும்மா. லூர்து, நீங்கள் இப்படி வாருங்கள், கண்ணாடி போட்டிருக்கிறீர்கள் அல்லவா, நான் படிப்பது சரிதானா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பத்மநாபன், வா. ஏன் பூபதி அங்கேயே நிற்கிறது? சரி, அக்கா அங்கேயே நிற்கட்டும், பூட்ஸ் பக்கத்தில். நாம் வெளியே போவோம். மேசை வேண்டாம், டப்பாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. லென்ஸ். ஆமாம், அந்த அரத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், அதுவும் சாட்சிதான்.

எல்லாரும் கேளுங்கள். விளிம்பில் உள்ளதை உள்ளபடி படிக்கிறேன். அக்கா, நீயும் கேள். நம்பர், ஒன்று, ஒன்று, நான்கு. அதற்கு அடுத்த இலக்கம் இல்லை. காலம் தின்னவில்லை, இன்று காலையில் என் கை தின்றது. மதராஸ் காலாட்படை. பெயர்:

சிப்பாய் இருசன்.